வேண்டுமென்றே

ஜூன் 2, திங்கள்

லீவு முடிந்து இன்று கம்பெனிக்குப் போனேன். போய், திரும்பியும் வந்துவிட்டேன். ஸ்தோத்திரம்.

எங்கள் வீட்டுப் பழக்கப்படி ஸ்தோத்திரம் கடைசியில்தான் வரும். படுக்கும் முன் அன்றைய நாளில் நன்றி சொல்ல ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்தாக வேண்டும், எவ்வளவு மோசமான நாளானாலும். இப்போது நான் முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசி வரி வரைக்கும் லியா தூங்குவாள் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

ஐந்து மாதப் பிள்ளையை வினோலாவின் கையில் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றேன். வினோலா கிங்ஸ்லியின் தங்கை. அரசுத் தேர்வுக்குப் படிக்கப் போகிறேன் என்று எங்களோடு வந்து தங்கியவள், புத்தகத்தை ஒரு கையிலும் என் மகளை மறு கையிலும் வைத்துக்கொண்டு படிக்கிறாள்.

"போங்க மைனி, பஸ் போயிரும். நான் என்ன இவளைக் கடிச்சா தின்னுருவேன்?"

கம்பெனி அப்படியேதான் இருக்கிறது. துறைமுகச் சாலையில் இறங்கியதுமே அந்த வாசனை. உள்ளே பெரிய ஹாலில் வெள்ளைக் கோட்டும் தலையுறையும் முழங்கால் வரை பூட்ஸும் போட்டுக்கொண்டு பெண்கள் ஐஸ் தண்ணீரில் கைவிட்டு இறால் உரிக்கிறார்கள். உரித்ததை உறையவைத்து டென்மார்க்குக்கு அனுப்புகிறோம். ஹாலை ஒட்டிய கண்ணாடி அறையில் பொன்ராஜ் சாரும் நானும். அவர் ஹெச்.ஆர். மேனேஜர், நான் அவருக்கு உதவி. ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு இறால் கம்பெனியில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில்: வெளிநாட்டிலிருந்து மெயில் வருகிறதே, அதற்கு யார் பதில் எழுதுவது?

"வாம்மா ஜெனிட்டா. பாப்பா நல்லாருக்கா? முப்பதாம் தேதியோட உன் கான்ட்ராக்ட் முடியுது, தெரியும்ல. 27-ஆம் தேதி டென்மார்க்காரங்க ஆடிட். அது நல்லபடியா முடியட்டும், புதுப்பிச்சிரலாம்." 

இதை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. தேதி சொல்வது மாதிரிதான் சொன்னார். ஆனாலும் மேசைக் காலண்டரில் முப்பதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக்கொண்டேன்.

மதியத்துக்குள் மார் கனத்து ரவிக்கை நனைந்துவிட்டது. பாத்ரூமில் நின்று பிழிந்து வாஷ்பேசினில் விட்டேன். பார்க்காமல் இருக்கக் குழாயை நன்றாகத் திறந்துவிட்டுக் கொண்டேன். தாய்ப்பால் கொடுக்க இடைவேளை சட்டத்தில் இருக்கிறது. பிள்ளைதான் ஆறு கிலோமீட்டர் தள்ளி வீட்டில் இருக்கிறது.

ஜூன் 4, புதன்

பால் மாவு கரைத்துக் கொடுத்தால் நாக்காலேயே தள்ளிவிடுகிறாளாம். மூன்று கம்பெனி மாவு வாங்கிப் பார்த்தாயிற்று. என் கைப்பையைப் பார்த்ததும் அழுகிறாள். மின்சாரம் போய் வந்தது, தண்ணீர் பிடித்துவிட்டேன், ஸ்தோத்திரம்.

ஜூன் 7, சனி

எடை பார்க்கக் கொண்டுபோனோம். போன மாதம் இருந்த இடத்திலேயே முள் நிற்கிறது. நர்ஸ் அக்கா அதட்டவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "ஆறு மாசம் வரைக்கும் உன் பால்தாம்மா. விட்டுட்டா வத்திரும். எப்படியாவது எடுத்து வெச்சுக் குடு," என்றாள்.

எப்படியாவது என்ற சொல் எவ்வளவு சுலபம். வியாழக்கிழமை பால் எடுக்கும் பம்ப் கொண்டுபோய் பாத்ரூமில் வைத்து எடுத்து, வீட்டிலிருந்து கொண்டுபோன ஐஸ் பையில் வைத்தேன். ஐஸ் மதியமே தண்ணீராகிவிட்டது. சாயங்காலம் வினோலா பாட்டிலைத் திறந்து முகர்ந்துவிட்டுக் கொட்டினாள். வெள்ளிக்கிழமை லேப்பில் இருக்கிற ஃப்ரிட்ஜில் ஒரு ஓரம் கேட்டேன். லேப் தம்பி கையெடுத்துக் கும்பிடாத குறை. வெளிச் சாப்பாட்டுப் பொருள் எதுவும் ஆலைக்குள் வரக்கூடாது, கண்டுபிடித்தால் சரக்கே திரும்பிவிடும் என்றான். அவன் சொல்வது சரிதான். கண்டெய்னர் கண்டெய்னராக இறாலைக் கெடாமல் வைக்கிற இடத்தில் ஒரு பால் பாட்டிலுக்கு இடம் இல்லை.

மீன் வாங்கவில்லை. வீட்டிலும் அந்த வாசனையைத் தாங்க முடியாது. கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு.

சாயங்காலம் வினோலா ஆங்கில இலக்கணப் புத்தகத்தோடு வந்தாள். 

"மைனி, ஷுட்டுக்கும் ஷல்லுக்கும் என்ன வித்தியாசம்? இந்தப் புக்ல ரெண்டுக்கும் 'வேண்டும்'னுதான் போட்டுருக்கு."

"ஷுட்னா செஞ்சா நல்லது. செய்யாட்டா யாரும் வந்து கேக்க மாட்டாங்க. ஷல்னா செஞ்சே ஆகணும். ஒப்பந்தம், சட்டம் எல்லாம் ஷல்."

"அப்போ நீங்க போறப்ப 'லியாவைக் குளிப்பாட்டணும்'னு சொல்லுதீங்களே, அது எது?"

"ஷல்."

"அண்ணன் 'ஜெனிக்கு ஒத்தாசை பண்ணணும்'னு சொல்லுதானே, அது?"

"அது ஷுட்."

கிங்ஸ்லி துறைமுகத்து ஷிஃப்ட் முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களை முறைத்துவிட்டுத் தட்டை அவரே கழுவினார். ஸ்தோத்திரம்.

ஜூன் 10, செவ்வாய்

இன்று கண்ணே திறக்கவில்லை. லியா மூச்சு விடுகிறாளா என்று பார்க்கவே பாதி ராத்திரி போய்விட்டது. இதை முதலில் எழுதிவைக்கிறேன்.

பொன்ராஜ் சார் ஒரு கட்டு பேப்பர் கொடுத்தார். இறால் வாங்குகிற டென்மார்க் கம்பெனியின் 'கோட்', அதாவது நடத்தை விதிகள். வெளிநாடுகளோடு வியாபாரம் செய்கிற கம்பெனிகள் தாங்களாகவே கூடி, இன்னின்ன விஷயத்தில் ஒழுங்காக நடந்துகொள்வோம் என்று எழுதிவைத்திருப்பது. எந்த அரசாங்கமும் கேட்டதில்லை, மீறினால் கோர்ட் இல்லை. விருப்பப்பட்டவர்கள் சேரலாம். எங்கள் எம்.டி. போன வருஷம் விருப்பப்பட்டுச் சேர்ந்தார். சேராதவர்களிடம் அவர்கள் வாங்குவதில்லை.

"தொழிலாளிங்க பாஷையில செவுத்துல ஒட்டணுமாம். பெண்கள் சம்பந்தப்பட்ட பக்கத்தை மட்டும் முதல்ல தமிழ்ல போடு. ஒட்டி, போட்டோ எடுத்து அவங்களுக்கு அனுப்பிரு."

அந்தப் பக்கத்தில் பாலூட்டும் தாய்மாரைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அப்படி ஒன்று இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. உலகத்தின் எங்கோ ஒரு மூலையில் யாரோ ஒரு மேசையில் உட்கார்ந்து எங்கள் பாத்ரூமைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். அந்த முகம் தெரியாத ஆளுக்கு ஸ்தோத்திரம்.

ஒவ்வொரு வரியிலும் ஷுட். 'அறை தருவது நல்லது' என்று எழுதிப் பார்த்தேன். வாழ்த்து அட்டை மாதிரி இருந்தது. 'தரலாம்' என்று போட்டேன். யாருக்கு யார் அனுமதி கொடுக்கிறார்கள் என்று தெரியவில்லை. 'தர முயற்சிக்கலாம்'. அழித்தேன். இந்த ஒரு பத்திக்கே மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கப் போய்விட்டது. கடைசியில் எழுதியது இது:

பாலூட்டும் தாய்மார்களுக்குச் சுத்தமான, உள்ளே தாழ்ப்பாள் உள்ள தனி அறை தர வேண்டும். எடுத்த பாலை வைக்க அங்கே குளிர்சாதனப் பெட்டி இருக்க வேண்டும். அந்த நேரத்துக்குச் சம்பளம் பிடிக்காமல் இருக்க வேண்டும். கான்ட்ராக்டில் வரும் பெண்களுக்கும் இவை அனைத்தும் பொருந்த வேண்டும்.

பொன்ராஜ் சார் வாங்கி, படிக்காமலே கையெழுத்துப் போட்டு சீல் வைத்தார். "தமிழ்தானே. சரியாத்தான் இருக்கும்."

ஜூன் 11, புதன்

கை கழுவுகிற இடத்துக்கு மேலே ஒட்டினேன். எல்லாரும் அங்கேதான் வரிசையில் நிற்பார்கள். போட்டோ எடுத்து, மதியத்துக்கு முன்பே மெயில் அனுப்பிவிட்டேன். சார் சொன்ன வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. லியாவுக்கு மூக்கடைப்பு.

ஜூன் 13, வெள்ளி

இன்று மதியம் கண்ணாடி அறையின் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் சண்முகக்கனி. முறப்பநாடு பக்கத்திலிருந்து கான்ட்ராக்ட் வேனில் வருகிற பெண். எனக்கு இரண்டு வயது இளையவளாக இருக்கும். அவளுக்குப் பின்னால் தஸ்நேவிஸ் அக்கா, ஹாலில் சீனியர். இருவர் கையும் ஐஸ் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தது.

"யக்கா, அந்த ரூம் எங்கன இருக்கு?" என்றாள் சண்முகக்கனி.

"எந்த ரூம்?"

"பால் எடுக்குத ரூம். போர்டுல போட்டுருக்குல்ல. நான் ரெண்டு நாளா தேடுதேன். ஐஸ் ரூம் பக்கமா, ஸ்டோர் பக்கமா, எங்கயும் காணல."

நான் எழுதியதை ஒருத்தி நம்பி இரண்டு நாள் தேடியிருக்கிறாள்.

அவளுக்கு மூன்று மாதப் பையன். பெயர் இசக்கிராஜா. வேலை போய்விடும் என்று சீக்கிரமே திரும்பி வந்துவிட்டாள். மார் கட்டிக்கொண்டு போன வாரம் காய்ச்சலோடு இறால் உரித்திருக்கிறாள். நான் அவளைத் தினமும் பார்க்கிறேன். தலையுறையும் மாஸ்க்கும் போட்டால் எல்லாரும் ஒரே மாதிரிதான் தெரிகிறார்கள் என்று இங்கே எழுத வந்தேன், வேண்டாம், விட்டுவிடுகிறேன்.

"உங்களுக்கும் சின்னப் பிள்ளையாக்கா?" என்று தஸ்நேவிஸ் அக்காவிடம் கேட்டுவைத்தேன்.

"எனக்கா? எம்மவனுக்கு மீசை வந்து, அதை வழிக்கவும் ஆரம்பிச்சாச்சு. இவ தனியா வரப் பயந்தா. நான் துணைக்கு வந்தேன். போர்டை நாந்தான் எல்லாருக்கும் சத்தமா வாசிச்சுக் காமிச்சேன். நல்லா எழுதிருக்கீங்கம்மா, ஒவ்வொரு வரியும் டப்பு டப்புன்னு முடியுது."

"சார் வரட்டும், கேட்டுச் சொல்றேன்," என்றேன்.

"கேக்கதுக்கு என்ன இருக்கு? அவருதான கையெழுத்துப் போட்டுருக்காரு," என்றாள் சண்முகக்கனி. கிண்டல் இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

ஜூன் 14, சனி

சார் கேட்டார். நான் கேட்பதற்கு முன்பே அவருக்குச் செய்தி போய்விட்டது. இன்னும் நாலு பேர் சூப்பர்வைசரிடம் அறை எங்கே என்று விசாரித்திருக்கிறார்கள்.

ஆங்கிலப் பக்கத்தை என் முன்னால் தள்ளினார். ஷுட் என்ற ஒவ்வொரு இடத்திலும் சிவப்பு மையில் வட்டம்.

"இது என்னம்மா?"

"ஷுட் சார்."

"ஷல் இல்லல்ல? 'செஞ்சா நல்லது, முடிஞ்சா பாருங்க'ங்கான் அவன். நீ 'தர வேண்டும், இருக்க வேண்டும்'னு சட்டம் போட்டுருக்கே. நீ இங்கிலீஷ் லிட்ரேச்சர் தானே?"

"தமிழ்ல ரெண்டுக்கும் வேண்டும்தான் சார்."

"வேணும்னே போட்டியா?"

"இல்ல சார். தூக்கக் கலக்கம்."

பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "இங்க பாரு. எம்.டி. காதுக்குப் போகல இன்னும். திங்கக்கிழமை அதை எடுத்துட்டு, பதமா ஒண்ணு எழுதி ஒட்டிரு. முப்பதாம் தேதி உன் பேப்பரை நான் அவர்கிட்ட கொண்டுபோகணும்ல."

கெட்டவர் இல்லை. அவர் மனைவிக்கு டயாலிசிஸ். அவருக்கும் இந்த வேலை வேண்டும்.

கிங்ஸ்லியிடம் சொன்னேன். "வேலையை விட்டுரு ஜெனி, பாத்துக்கலாம்," என்றார் உடனே. சொல்லிவிட்டு வெகுநேரம் மோட்டுவளையைப் பார்த்தபடி படுத்திருந்தார். வாடகை, வினோலாவின் கோச்சிங், அவர் அப்பாவின் மருந்து எல்லாம் அங்கே மோட்டில் எழுதியிருந்தது போல. அப்படி உடனே சொன்னாரே, அதற்கு ஸ்தோத்திரம்.

ஜூன் 16, திங்கள்

எடுத்துவிட்டேன்.

புதிதாக ஒட்டியதில் 'வசதிக்கேற்ப ஆலோசிக்கலாம்' என்று முடித்திருக்கிறேன். அழகான தமிழ். யாருக்கும் எதுவும் புரியாது.

ஷிஃப்ட் மாறும் நேரத்துக்கு முன்னால் போய் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். பசை நன்றாகப் பிடித்துவிட்டது. நகத்தால் ஓரத்தைக் கிளப்பிக்கொண்டிருக்கும்போதே வேன் வந்துவிட்டது. கை கழுவ வரிசையில் வந்து நின்றார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சண்முகக்கனி என் பக்கத்துக் குழாயில் கைக்கு சோப்புப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அப்ப வேண்டாமாக்கா?"

பேப்பரை நாலாக மடித்துக்கொண்டு அறைக்கு வந்துவிட்டேன்.

மதியம் பம்ப் போட்டுப் பார்த்தேன். பாட்டிலின் அடி மட்டும்தான் மூடியது. வற்றிக்கொண்டு வருகிறது. கொட்டுவதற்காகவாவது நிறைய இருந்த காலம் போய்விட்டது.

ஜூன் 17, செவ்வாய்

இன்று எதற்கு நன்றி சொல்வது என்று தேடிக்கொண்டே இருந்தேன். லியா தானாகப் புரண்டாளாம். நான் பார்க்கவில்லை, வினோலா பார்த்தாள். ஸ்தோத்திரம்.

ஜூன் 19, வியாழன்

சாப்பிடக்கூட உட்காராமல் எழுதுகிறேன். நல்லதற்குத்தான்.

காலையில் பொன்ராஜ் சார் ஒரு பிரிண்ட்-அவுட்டோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். அவர் என் எதிரில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"வாசி. சத்தமா வேண்டாம்."

டென்மார்க்கிலிருந்து எம்.டி.க்கு நேராக வந்த மெயில். எந்த ஊரில் எதை ஒட்டினாலும் அதைத் திரும்பவும் ஆங்கிலத்தில் பெயர்த்துச் சரிபார்ப்பது அவர்கள் வழக்கமாம். சென்னையில் அவர்களுக்கு வேலை செய்கிற ஒருவர் எங்கள் போட்டோவைப் பார்த்துத் திருப்பி மொழிபெயர்த்திருக்கிறார். நான் கொடுத்த 'வேண்டும்' எல்லாம் அங்கே போய் ஷல்லாக இறங்கியிருக்கிறது.

'எங்கள் கோட் இதைப் பரிந்துரையாகவே வைத்திருக்கிறது. நீங்களோ உங்கள் தொழிலாளர்களுக்கு இதை வாக்குறுதியாகவே கொடுத்திருக்கிறீர்கள், கான்ட்ராக்ட் பெண்களையும் விட்டுவிடாமல். எங்களோடு சேர்ந்த கம்பெனிகளில் இப்படிச் செய்தது நீங்கள்தான் முதல். 27-ஆம் தேதி வரும் எங்கள் பிரதிநிதி அந்த அறையைப் பார்க்க ஆவலாக இருக்கிறார். உங்கள் அனுமதியோடு இதை எங்கள் ஆண்டு அறிக்கையிலும் சேர்க்க விரும்புகிறோம்.'

"சார்..."

"எம்.டி. கூப்பிட்டாரு. போயிட்டுத்தான் வாரேன்."

"என்ன சொன்னாங்க?"

"சந்தோஷம்னா அப்படி ஒரு சந்தோஷம். வெள்ளைக்காரன் முதல்னு சொல்லிட்டான்ல. 'யாருய்யா இதை எழுதினது'ன்னாரு."

பிரிண்ட்-அவுட்டை மேசையில் வைத்தேன்.

"நாந்தான் சார் அப்படிப் போடச் சொன்னேன், அப்படின்னுட்டேன்," என்றார் பொன்ராஜ் சார். என் முகத்தைப் பார்க்காமல் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

பெயரை எடுத்துக்கொண்டாரா, பழி வந்தால் தன்மேல் வரட்டும் என்று முன்னால் போய் நின்றாரா? பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்தேன். அந்த நிமிஷத்தில் எம்.டி. சந்தோஷப்படுவாரா கத்துவாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது. எதுவானாலும் ஸ்தோத்திரம்.

எழுந்து போகும்போது கேட்டார்: "அந்தப் பழைய நோட்டீஸ், என் சீல் வெச்சது... கிழிச்சுட்டியா?"

கைப்பையைத் திறந்து, லியாவின் துணிக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

"கிழிக்க மறந்துட்டேன் சார்."

ஜூன் 20, வெள்ளி

கேட் பக்கத்தில் 'குழந்தைகள் காப்பகம்' என்று பெயர் எழுதிய அறை ஒன்று உண்டு. உள்ளே கூரை வரை அட்டைப்பெட்டி. இன்று பால் எடுக்கும் அறைக்காக அதையெல்லாம் வெளியே எடுத்தார்கள். ஆலைக்கு வெளியே தனியாக இருப்பதால் லேப் தம்பிக்கும் பயம் இல்லை. "தாராளமா வெச்சுக்கோங்கக்கா," என்று அவனே வந்து ஃப்ரிட்ஜுக்கு பிளக் பாயிண்ட் பார்த்தான்.

ஜூன் 23, திங்கள்

அறை திறந்தாயிற்று. விழா எல்லாம் 27-ஆம் தேதி வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் இன்று எந்த ரிப்பனும் இல்லாமல், சண்முகக்கனியும் நானும் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டோம்.

இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கைகழுவும் தொட்டி, வீட்டிலிருந்து நான் கொண்டுபோன திரைச்சீலை, சின்னதாக ஒரு ஃப்ரிட்ஜ். பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. பம்ப் ஒன்றுதான். வெந்நீர் ஊற்றிக் கழுவிக் கழுவி இருவரும் மாற்றிக்கொண்டோம்.

உட்கார்ந்ததும் அவளோடு பேச நினைத்தேன். அன்று குழாயடியில் கேட்டாளே, அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அவளே ஆரம்பித்தாள்.

"உங்க பிள்ளை பேரு என்னக்கா?"

"லியா."

"போட்டோ இருக்கா?" பார்த்தாள். "ஆத்தி, எம்புட்டு முடி! எம்மவன் மொட்டை. அவுக அப்பா மாதிரி."

சிரித்ததில் பால் நன்றாக இறங்கியது. இப்படியும் ஒரு வைத்தியம் இருக்கிறது போல. இரண்டு பாட்டிலிலும் பெயர் எழுதி ஒட்டி ஃப்ரிட்ஜில் வைத்தோம். லியா, இசக்கிராஜா. இருவரும் அந்தக் குளிரில் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள்.

தஸ்நேவிஸ் அக்கா கதவைத் தட்டி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். "தஸ்நேவிஸ்னா பனிமய மாதா பேரு, ஆனா எனக்கு வெறும் ஐஸ்தான். இங்கன ஃபேன் எல்லாம் போட்டுக் குடுத்துருக்காக. நானும் ஒண்ணு பெத்துக்கிடலாம் போலருக்கே!" ஹாலுக்குள் போய் என்ன சொன்னாளோ, உள்ளிருந்து பெரிய சிரிப்புச் சத்தம்.

கதவில் 'தாய்மார் அறை' என்று எழுதியிருக்கிறது. யாரும் அப்படிச் சொல்வதில்லை. "வேணும் ரூமுக்குப் போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ஹாலிலிருந்து வருகிறார்கள்.

சாயங்காலம் வினோலா பாட்டிலைத் திறந்து முகர்ந்தாள். நான் மூச்சு விடவில்லை. பிறகு அதை வெந்நீரில் வைத்துச் சூடாக்கி லியாவின் வாயில் வைத்தாள். முதலில் நாக்கால் தள்ளினாள். பிறகு நின்றாள். ருசி பார்க்கிறவள் மாதிரி ஒரு நொடி. பிறகு அந்தச் சின்னக் கை வந்து பாட்டிலைப் பிடித்துக்கொண்டது.

ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்.

ஜூன் 27, வெள்ளி

வந்தவர் வெள்ளைக்காரர் இல்லை. சென்னையிலிருந்து மிருதுளா என்று ஒரு அம்மா. நல்ல பருத்திப் புடவை, பெரிய கண்ணாடி. எம்.டி. ஆங்கிலத்தில் வரவேற்றார், அவர் தமிழில் பதில் சொன்னார். எங்கள் நோட்டீஸைத் திருப்பி மொழிபெயர்த்தவர் அவரேதான்! சுவருக்கு முன்னால் நின்று ஒருமுறை முழுக்கப் படித்தார். திரும்பவும் ஒட்டிய பழைய நோட்டீஸ், மடிப்புத் தடம் நாலாகத் தெரிகிறது. அந்த மடிப்பையும் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

அறை வாசலில் சண்முகக்கனியை நிறுத்திக் கேட்டார்.

"இந்த ரூம் எப்போ திறந்தாங்கம்மா?"

ரொம்ப நாளாகவே இருக்கிறது என்று சொல்லச் சொல்லி சூப்பர்வைசர் காலையில் எல்லாரிடமும் சொல்லியிருந்தார். பொன்ராஜ் சார் கைக்குட்டையை எடுத்தார். 

"திங்கக்கிழமைதாம்மா," என்றாள் சண்முகக்கனி. "போர்டு போட்டாங்க. தேடினோம், காணல. கேட்டோம். திறந்தாங்க."

"நீங்களே போய்க் கேட்டீங்களா?"

"வேண்டும்னு எழுதியிருந்துச்சும்மா. கேக்காம எப்படி?"

மிருதுளா அம்மா எம்.டி.யின் பக்கம் திரும்பினார். என் கான்ட்ராக்ட், பொன்ராஜ் சாரின் வேலை, எல்லாம் அந்தப் பெரிய கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது.

"ஒட்டினதைப் படிச்சுட்டு ஒருத்தர் வந்து கேட்டிருக்காங்க சார். நான் போற இடத்துல எல்லாம் சுவர்ல ஒட்டியிருக்கும், கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. இதை அப்படியே எழுதிக்கிறேன்," என்றார். எம்.டி.க்கு அது பாராட்டு என்று புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் பொன்ராஜ் சார் தோளில் தட்டினார்.

ஜூலை 1, செவ்வாய்

கான்ட்ராக்ட் கையெழுத்தானது. ஒரு வருஷம். சம்பளம் கூடவில்லை, நான் கேட்கவும் இல்லை. லியாவின் எடை முள் நகர்ந்துவிட்டது. நர்ஸ் அக்கா அதட்டினாள், முடியை வெட்டச் சொல்லி. என்ன நிம்மதி!

சாயங்காலம் கிளம்பும்போது பொன்ராஜ் சார் கூப்பிட்டு கோட்டின் அடுத்த பக்கத்தைக் கொடுத்தார். குளிர் ஹாலில் வேலை செய்கிறவர்களைப் பற்றியது. கை சூடேற்றிக்கொள்ள அவ்வப்போது இடைவேளை, வெந்நீர், குளிர் தாங்கும் கையுறை. தஸ்நேவிஸ் அக்காவின் வெளுத்த விரல்கள் ஞாபகம் வந்தன.

"இதையும் தமிழ்ல போட்டுரும்மா. நாளைக்கு நான் லீவு, வீட்டுக்காரியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். இப்பவே கையெழுத்துப் போட்டு சீல் வெச்சுட்டேன். மேல எழுதிக்கோ."

வெற்றுத்தாளின் அடியில் அவர் கையெழுத்து.

"சார், இதுலயும் எல்லாம் ஷுட்தான்."

"தெரியும். சிவப்பு மையில வட்டம் போட்டுப் பாத்துட்டேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உனக்குத் தூக்கம் எல்லாம் எப்படிம்மா இருக்கு?"

"பிள்ளை இப்பவும் எழுப்புறா சார்."

"அது சரி," என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

லியா எட்டு மணிக்கே தூங்கிவிட்டாள். மூச்சைப் பார்த்துவிட்டு வந்தேன், ஒரே ஒரு தடவைதான். வினோலா படிக்கிறாள். கிங்ஸ்லி பாட்டில் கழுவிக்கொண்டிருக்கிறார், யாரும் சொல்லாமலே. இத்தனை மாதத்தில் இன்றுதான் தலை இவ்வளவு தெளிவாக இருக்கிறது, கண்ணில் பொட்டுத் தூக்கம் இல்லை.

அந்தத் தாளை முன்னால் வைத்துக்கொண்டிருக்கிறேன். நம் தமிழில் முக்கியமான சொல் வரியின் கடைசியில்தான் வரும். அது தயார். அதற்கு முன்னால் வர வேண்டியதைத்தான் இனி எழுத வேண்டும்.

ஸ்தோத்திரம்.